எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பராமரிக்கும் செவிலியர்கள்: அறிந்ததும் நடந்துகொள்வதும் ஏன் வேறுபடுகின்றன?

தேனி செவிலியர் ஆசிரியை

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைக்கு மேலே இடுக்கிப் பக்கத்திலும் பணிபுரியும் செவிலியர்கள் பலர் இங்கே எழுதுகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன்.

செவிலியர் கல்லூரிகளில் மாணவியர் தங்கள் ஆய்வேட்டுக்கு மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ளும் தலைப்புகளில் ஒன்று, எச்.ஐ.வி. தொற்றுள்ள நோயாளிகளைப் பற்றிச் செவிலியர்களுக்கு உள்ள அறிவும் மனப்பாங்கும். வினாத்தாளின் முதற்பகுதி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: கொசுக்கடியால் பரவுமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுமா, தாய்ப்பாலால் பரவுமா என்று கேட்பார்கள். பணியில் உள்ள செவிலியர்கள் இவற்றுக்குப் பெரும்பாலும் சரியாகவே விடையளித்துவிடுகிறார்கள். இரண்டாம் பகுதியில், இத்தகைய நோயாளிக்குப் படுக்கையிலேயே உடல் துடைத்துவிடத் தயங்குவீர்களா என்று கேட்டால், தயங்க மாட்டேன் என்ற கட்டத்தில் குறியிடுகிறார்கள். மதிப்பெண் கூட்டப்படுகிறது, ஆய்வேடு முடிகிறது.

ஆனால் வார்டுக்குள் போய் நின்று பார்த்தால், வெப்பமானி வைப்பதற்கும் இரட்டைக் கையுறை போடுகிறார்கள். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு குறி இருக்கிறது. கட்டு மாற்றும் வேலை அந்தப் படுக்கைக்கு மட்டும் கடைசியாகப் போகிறது, அதுவும் பயிற்சிக்கு வந்த மாணவியின் கைக்குப் போகிறது. வினாத்தாளில் சரியாக எழுதியவரும் இதைச் செய்பவரும் ஒருவரே. அவர் பொய் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. நாம் அவரிடம் கேட்கத் தவறிய ஏதோ ஒன்று அவரை அப்படி நடக்க வைக்கிறது என்றே நினைக்கிறேன். அது எது என்பதை வார்டில் நிற்பவர்களிடமிருந்தும், முடிந்தால் அந்தப் படுக்கையில் கிடந்தவர்களிடமிருந்தும் அறிய விரும்புகிறேன்.

இரவுப்பணி

அக்கா, நான் அறுவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை. எங்கள் நடத்தைக்கு மனப்பாங்கு என்று பெயர் வைப்பதற்கு முன் எங்கள் கையில் என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லா நோயாளிகளின் இரத்தமும் தொற்றுள்ளதாகவே கருதி ஒரே விதமான பாதுகாப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே பொதுப் பாதுகாப்பு முறை. முதலாண்டிலேயே படித்திருக்கிறோம், கேட்டால் இப்போதும் ஒப்பிப்போம். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதம் என்றால் எல்லோருக்கும் போதுமான கையுறை வேண்டும். மாதக் கடைசியில் கையுறைப் பெட்டி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் வார்டில் ஒரு செவிலி என்ன செய்வாள்? இருக்கிற கையுறையை யாருக்குத் தொற்று என்று தெரியுமோ அவருக்கென்று ஒதுக்கிவைப்பாள். பாகுபாடு அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அவள் மனத்தில் வெறுப்பு இருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

ஊசி போடும் இடத்திலும் இதே கதைதான். உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. ஊசி, பிளேடு போன்றவற்றைத் துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில் உடனே போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொள்கலன் வார்டின் ஒரு மூலையில் இருந்து, நோயாளி மறு மூலையில் இருந்தால், பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டுதான் நடக்கத் தோன்றும். அந்த நொடியில்தான் விரலில் குத்துகிறது.

குத்தினால் பெப் மருந்து, அதாவது தொற்றைத் தடுக்க உடனே தரப்படும் மருந்து, எங்கே இருக்கிறது என்று இரவு இரண்டு மணிக்கு யாரைக் கேட்பது? பகலில், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கிடைக்கும் என்பார்கள். இரவில் அலமாரிச் சாவி யாரிடம் என்பது பணிமாற்றத்தின்போது சொல்லப்படுவதே இல்லை. இது தெரியாத செவிலிக்கு அச்சம் இருப்பது அறியாமையால் அன்று. தனக்கு ஏதாவது நேர்ந்தால் நிர்வாகம் துணைக்கு வராது என்பதை அவள் சரியாகவே கணித்திருக்கிறாள். உங்கள் வினாத்தாளில் இதைக் கேளுங்கள்.

ஆய்வகத்திலிருந்து

இரவுப்பணி சொன்னதை ஏற்கிறேன். அச்சத்தின் அளவையும் உண்மையான அபாயத்தின் அளவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குச் சில எண்களைத் தருகிறேன், ஏனென்றால் எங்கள் ஆய்வகத்திற்கு வரும் செவிலியர்களில் பலர் இவற்றைச் சரியாக அறிந்திருக்கவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி தோலைத் துளைத்தால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. கண்ணிலோ வாயிலோ இரத்தம் தெறித்தால் அது 0.09 சதவீதம். காயமில்லாத தோலில் பட்டால் அதைவிடவும் குறைவு. வியர்வை, கண்ணீர், எச்சில், சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத வரை அவை அபாயமானவையாகக் கருதப்படுவதில்லை. இதற்கு நேர்மாறாக, தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெப்பாடைட்டிஸ்-பி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. அந்த வைரஸ் உலர்ந்த மேற்பரப்பில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. எச்.ஐ.வி.யைக் கண்டு இரட்டைக் கையுறை போடும் செவிலியரிடம், ஹெப்பாடைட்டிஸ்-பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்துவிட்டீர்களா என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

குத்தியவுடன் செய்ய வேண்டியது: சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, பிளீச்சிங் கரைசலோ ஸ்பிரிட்டோ ஊற்றக் கூடாது. பெப் மருந்தின் முதல் தவணையை இரண்டு மணி நேரத்திற்குள் எடுப்பது நல்லது, 72 மணி நேரத்திற்குப் பிறகு அதனால் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை 28 நாள் எடுக்க வேண்டும். தொடக்கத்திலும், பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்தும் பரிசோதனை உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைத் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனைச் செவிலியர்கள் ஏற்றுப் பராமரித்தார்கள், அதுவும் இலவச கூட்டு மருந்து 2004-இல் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. அச்சப்பட அதிகக் காரணம் இருந்த அந்தக் காலத்தில் அவர்களால் முடிந்திருக்கிறது.

தேனி செவிலியர் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. இரவுப்பணி அவர்களே, கையுறையும் சாவியும் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கையுறைத் தட்டுப்பாடு ஊசி போடும்போது உள்ள தயக்கத்தை விளக்கும். பேச்சில் உள்ள தயக்கத்தை அது விளக்காதே? பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற செவிலி, இவரிடம் கேட்காமல் கடந்து போகிறாள். பேசுவதற்குக் கையுறை தேவையில்லை.

கூடலூர் மலையேறி

நான் செவிலியன் அல்லன். ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன், பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன். படுக்கையில் கிடந்தவர்களிடமிருந்தும் அறிய விரும்புவதாக ஆசிரியை எழுதியிருந்ததால் எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு எனக்கு விடை தெரியும். தொற்றுக்குப் பயப்படும் செவிலி ஒருத்தி, எனக்கு எப்படி இந்த நோய் வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் செவிலி இன்னொருத்தி. முதலாமவளை நான் சந்தித்திருக்கிறேன். கை நடுங்கும், ஆனாலும் ஊசி போடுவாள், சில நாட்களில் நடுக்கம் நின்றுவிடும். இரண்டாமவள் நடுங்க மாட்டாள். "எப்படி வந்துச்சு? லாரியில போனீங்களா?" என்று, பக்கத்துப் படுக்கைக்கும் கேட்கும்படி கேட்பாள். நான் என்ன சொன்னாலும் அதற்கேற்ப அவள் முகம் மாறும். இரத்தம் ஏற்றியதால் வந்தது என்று சொன்னால் இரக்கம் கிடைக்கும். வேறு எதைச் சொன்னாலும் கிடைக்காது. என் மனைவிக்கு அந்தக் கேள்வியே வேறு விதமாக வந்தது: "வீட்டுக்காரராலயா?" ஆமாம் என்று அவள் சொன்ன பிறகுதான் அந்தச் செவிலி அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டாள். மருத்துவத்துக்குத் தேவைப்பட்டால் கேட்கட்டும், தனியாக அழைத்துக் கேட்கட்டும். பராமரிப்பின் அளவு அந்த விடையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் என் சித்தப்பா மகளோடு படித்தவளாக இருப்பாள். அதனால்தான் பலர், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் உள்ளூர் நம்பிக்கை மையத்தை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ள மையத்தில் பதிவு செய்கிறார்கள், சிலர் மலைக்கு மேலே போகிறார்கள். விடியுமுன்னே தோட்டத்து ஜீப் புறப்பட்டுவிடும். மாத்திரை வாங்கப் போகும் நாளில் அன்றைய கூலி போய்விடும், கங்காணியிடம் ஒரு காரணமும் சொல்ல வேண்டும். இத்தனையையும் ஏற்றுக்கொண்டு ஒருவன் தொலைவில் போகிறான் என்றால், அருகில் இருக்கும் செவிலியின் வாயை அவன் நம்பவில்லை என்று பொருள். இரவு நேரத்தில் காய்ச்சலோடு வந்து சேரும்போது அவன் தன் நோயைச் சொல்லாமல் மறைப்பதும் இதனால்தான்.

நல்ல செவிலியர்களையும் சொல்லாமல் விடக் கூடாது. என் முதல் ஏ.ஆர்.டி. மையத்தில் இருந்த சிஸ்டர், மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறேன் என்பதைத் தவிர என் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. நான் அந்த மையத்தை விட்டு மாறாமல் இருந்ததற்கு அவரே காரணம்.

குமுளி மலையோரம்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்தே எழுத முடிந்தது. நான் தமிழ்நாட்டில் படித்துவிட்டுக் கேரளப் பக்கத்தில் பணிபுரிகிறேன். இங்கே பரிசோதனை மையத்துக்கு ஜ்யோதிஸ் என்றும் கூட்டு மருந்து மையத்துக்கு உஷஸ் என்றும் பெயர். பலகையைப் பார்த்தவுடன் என்ன மையம் என்று வெளியாள் கண்டுகொள்ள முடியாது என்பது நல்லதுதான், ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லாமே மேலானது என்று யாரும் எண்ண வேண்டாம். தோட்டத் தொழிலாளி மலையாளம் தெரியாமல் நிற்கும்போது, கவுன்சிலர் தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிடுவார். அந்த யாராவது சில நேரம் துப்புரவுப் பணியாளராகவோ, மோசமான நேரத்தில் அதே தோட்டத்தைச் சேர்ந்த இன்னொரு நோயாளியாகவோ இருந்துவிடுகிறார். இரகசியம் அங்கேயே போய்விடுகிறது. தமிழ் பேசும் செவிலியரை அந்த நாட்களில் மையத்தில் அமர்த்துவது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை.

ஆய்வகத்து நண்பர் தந்த எண்களோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். செவிலியர்களுக்கு உள்ள அறிவில் பெரும்பகுதி பழையது. சி.டி.4 எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறைந்த பிறகே மருந்து தொடங்குவார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2017 முதல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குவதே இந்தியாவின் நடைமுறை. மருந்தை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதும் நிறுவப்பட்டுவிட்டது. அதற்கு வழிவகுத்த, 2011-இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களமாக இருந்தது. (ஊசி குத்தினால் அப்போதும் பெப் ஆலோசனை பெறத்தான் வேண்டும், அந்த முடிவு உடலுறவுக்கு உரியது.)

வார்டில் உயிரோடு தொடர்புடைய அறிவு வேறு. டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் தேவை. மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் செவிலிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை. கொசுக் கேள்வியை விட்டுவிட்டு இவற்றைக் கேட்டால் வினாத்தாளின் முதற்பகுதியிலேயே நம் குறை தெரிந்துவிடும்.

எலும்புமுறிவுப் பிரிவு

மாற்றுக் கருத்தையும் சொல்ல அனுமதியுங்கள். நோயாளியின் நிலை செவிலியருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். விபத்தில் வருபவருக்கு உடனே அறுவை நடக்கிறது, எலும்புச் சில்லுகள் கையுறையைக் கிழிக்கின்றன. எங்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் குறியிடுவது அவமதிப்புக்காக இல்லை, அடுத்த பணிக்கு வருபவரை எச்சரிப்பதற்காக.

போடி வழக்கறிஞர்

எலும்புமுறிவுப் பிரிவு அவர்களின் கவலை நியாயமானது. அந்தக் கவலைக்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது, குறியிடுவது அந்த விடை அன்று.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. சிகிச்சையை மறுப்பதும், தனிமைப்படுத்தி ஒதுக்குவதும், சிகிச்சையில் நியாயமற்ற முறையில் நடத்துவதும் அதன்படி பாகுபாடு. விளக்கமளித்துப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, தொற்று நிலையை வெளிப்படுத்தவும் கூடாது. சிகிச்சையில் ஈடுபட்டவர்களுக்குள், சிகிச்சைக்குத் தேவையான அளவில் தகவல் பகிரப்படலாம். பார்வையாளர் நேரத்தில் வந்துபோகும் உறவினரும் படிக்கும்படி அட்டையில் எழுதுவது அந்த வரம்புக்குள் வராது.

ஆனால் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவைச் செவிலியர்கள் யாரும் என்னிடம் குறிப்பிட்டுக் கேட்டதில்லை. பணியிடத்தைப் பாதுகாப்பாக வைப்பதும், பொதுப் பாதுகாப்புக்கான பொருள்களைத் தருவதும், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி அளிப்பதும், தொற்று அபாயத்துக்கு உள்ளான பணியாளருக்குப் பெப் மருந்து தருவதும் மருத்துவ நிறுவனத்தின் கடமை என்று அது சொல்கிறது. ஆகவே இரவுப்பணி கேட்ட கையுறையும் சாவியும் யாரோ மனமிரங்கித் தரும் சலுகை இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், மாநில அளவில் குறைதீர் அலுவலர் உண்டு. அவசர மருத்துவத் தேவை உள்ள புகாரில் அவர் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் ஆணையிட வேண்டும். நோயாளிக்கும் செவிலிக்கும் ஒரே சட்டம் துணை நிற்கிறது.

ஆய்வகத்திலிருந்து

எலும்புமுறிவுப் பிரிவு அவர்களுக்கு இன்னொரு காரணம். தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் வரை பரிசோதனையில் தெரியாத காலம் ஒன்று இருக்கிறது, அந்தக் காலத்தில்தான் இரத்தத்தில் வைரஸின் அளவு மிக அதிகம். குறியில்லாத கேஸ் ஷீட்டைப் பார்த்துக் கையுறையைக் கழற்றுபவருக்கே அதிக அபாயம்.

மகப்பேறு வார்டு

எங்கள் பிரிவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். இரத்தமும் பனிக்குட நீரும் அதிகமாகத் தெறிக்கும் இடம் பிரசவ அறைதான், அச்சமும் இங்கேதான் அதிகம். தொற்றுள்ள தாயிடம் சில செவிலியர்கள் வலியின்போது அருகில் நிற்க மாட்டார்கள், குழந்தை வெளிவரும் நேரத்துக்கு மட்டும் வருவார்கள். தோட்டத்திலிருந்து வரும் பெண்களோடு துணைக்கு வயதான மாமியார் வந்திருப்பார். அவருக்கு மருமகளின் நிலை தெரியாது, செவிலியர் விலகி நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அவரே கேட்கத் தொடங்குவார். நாங்கள் வாய் திறக்காமலேயே இரகசியம் உடைந்துவிடுகிறது.

எவ்வித மருத்துவமும் இல்லையென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய்க்குக் கூட்டு மருந்தும் குழந்தைக்கு நெவிரபின் சொட்டு மருந்தும் ஒழுங்காகக் கிடைத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். தொற்றில்லாத குழந்தையைத் தாயின் கையில் கொடுப்பது செவிலியின் தொழிலில் கிடைக்கும் மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று, அது பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. அந்தத் தாய் மீண்டும் நம்மிடம் வர வேண்டுமே, ஆறு வாரத்தில் குழந்தைக்குப் பரிசோதனை இருக்கிறது. பிரசவ அறையில் ஒதுக்கப்பட்டவள் வருவாளா?

எங்கள் பொறுப்புச் செவிலியர் ஒன்று செய்தார். கண்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, நீர்புகாத மேலங்கி, நீளமான கையுறை மூன்றையும் எல்லாப் பிரசவங்களுக்கும் கட்டாயமாக்கினார். தொற்றுள்ளவருக்கு மட்டும் என்று ஒரு தட்டைக்கூடத் தனியாக வைக்கவில்லை. தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. இப்போது மாமியார்கள் எந்த வேறுபாட்டையும் பார்ப்பதில்லை.

இறுதியாண்டு மாணவி

ஆசிரியை அம்மா, நான் இதே தலைப்பில்தான் ஆய்வேடு எழுதப் போகிறேன். வினாத்தாளை மாற்றினால் வழிகாட்டி ஏற்றுக்கொள்வாரா என்று தயக்கமாக இருக்கிறது.

தேனி செவிலியர் ஆசிரியை

பழைய வினாத்தாளை முழுமையாக நீக்க வேண்டாம், அதோடு சிலவற்றைச் சேருங்கள் அம்மா. பெப் மருந்து இரவில் எங்கே கிடைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். ஹெப்பாடைட்டிஸ்-பி தடுப்பூசி முடிந்ததா என்று கேளுங்கள். டோலுடெக்ராவிரையும் இரும்புச்சத்து மாத்திரையையும் பற்றிக் கேளுங்கள். மனப்பாங்குக்கு, தயங்குவீர்களா என்ற நேர்க்கேள்விக்குப் பதிலாக இரண்டு நோயாளிகளை விவரியுங்கள். இருவருக்கும் ஒரே புண், ஒரே தொற்று, தொற்று வந்த வழி மட்டும் வேறு. யாருக்கு முதலில் கட்டு மாற்றுவீர்கள், யாரிடம் எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று கேளுங்கள். கூடலூர் அண்ணன் சொன்ன அந்த இரண்டாவது செவிலியை இந்தக் கேள்வி மட்டுமே வெளிக்கொணரும். வினாத்தாளோடு நிற்காமல், அனுமதி பெற்று, எல்லாப் படுக்கைகளிலும் ஒரே பட்டியலை வைத்து வார்டில் நேரில் பார்த்துக் குறியுங்கள். வழிகாட்டி மறுத்தால் எனக்குத் தனிமடல் எழுதுங்கள், நானே பேசுகிறேன்.

கூடலூர் அண்ணன் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர் ஒருவர் வகுப்பில் நேரில் பேசினால், பாட நூல் பல வாரங்களில் செய்யாததை மாணவியர் மனத்தில் செய்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாணவியரிடம் வந்து பேச முடியுமா? உங்கள் ஊர்க்காரர் யாரும் அந்த வகுப்பில் இல்லை என்பதை முன்னரே உறுதி செய்கிறேன்.

கூடலூர் மலையேறி

வருகிறேன் அம்மா. ஏலக்காய் எடுப்பு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால் கூலி போகாது. பெயர் கேட்கக் கூடாது, கைப்பேசிகளை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், எப்படி வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கக் கூடாது. மற்ற எதையும் கேட்கலாம். மனைவியும் வர விரும்புகிறாள், அவள் பேசுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

தேனி செவிலியர் ஆசிரியை

மூன்றையும் ஏற்கிறேன். உங்கள் மனைவியின் அமர்வை முதலில் வைக்கிறேன், அதில் மாணவியர் மட்டும் இருப்பார்கள். பயணச் செலவைக் கல்லூரி ஏற்க முதல்வரிடம் கேட்டுவிட்டுத் தனிமடலில் எழுதுகிறேன்.

இரவுப்பணி

எங்கள் வார்டுப் பலகையில் பெப் சாவி யாரிடம் என்பதை இன்று எழுதி ஒட்டியாயிற்று. 19-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கையுறைக்கான கோரிக்கைக் கடிதத்தையும் மேட்ரனிடம் கொடுத்திருக்கிறோம். வழக்கறிஞர் அவர்களே, அதன் நகலை உங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?